பக்கத்து லைன் அக்காவின் அட்டை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா? கருத்தடை ஹார்மோன்கள்: முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் ஒரு மெடிக்கலில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறேன். இந்த வருஷங்களில் நான் அதிகம் பார்த்த காட்சி இதுதான்: எஸ்டேட் பஸ்ஸில் வந்து இறங்குகிற ஒரு பெண், கடையில் ஆண்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, பர்ஸில் நாலாக மடித்து வைத்திருந்த காலி மாத்திரை அட்டையை எடுத்து கண்ணாடி மேல் வைப்பார். பெயர் இருந்த பக்கம் கிழிந்து போயிருக்கும். “அக்கா, இதே மாதிரி ஒண்ணு குடுங்க.” யாருடையது என்று கேட்டால், “பக்கத்து லைன் அக்கா போடறாங்க, அவங்களுக்கு நல்லா ஒத்துக்கிச்சு.” லைன் என்றால் எஸ்டேட் தொழிலாளர் வீடுகளின் வரிசை.

அந்த அக்காவுக்கு ஒத்துக்கொண்டது. ஆனால் அவருக்கு பி.பி. எவ்வளவு, இவருக்கு எவ்வளவு, இவர் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாரா, ஒற்றைத் தலைவலி உண்டா, இதையெல்லாம் அந்த அட்டை சொல்லாது. கருத்தடை ஹார்மோன்களைப் பற்றி நம் ஊரில் இரண்டு விதமான பேச்சுதான் உண்டு. ஒன்று, “அதைப் போட்டா கர்ப்பப்பையே கெட்டுடும்.” இன்னொன்று, “சத்து மாத்திரை மாதிரிதான், சும்மா போடு.” இரண்டும் தப்பு. சரியான ஆளுக்குச் சரியான முறை என்று பார்த்துத் தொடங்கினால் பெரும்பாலான பெண்களுக்கு இது பாதுகாப்பான மருந்து, சிலருக்கு மட்டும் சுத்தமாக ஆகாத மருந்து. அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பதைத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்குவோம். நான் டாக்டர் இல்லை, டி.பார்ம் என்கிற மருந்தாளுநர் படிப்பு படித்தவள். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்க்கிற டாக்டரோ நர்ஸோ சொல்வதற்கு மேல் இதை வைக்க வேண்டாம்.

முதல் படி: இது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாதா மாதம் மூளையிலிருந்து சினைப்பைக்கு ஒரு தகவல் போகிறது, அதைக் கேட்டு ஒரு கருமுட்டை வெளியே வருகிறது. மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் அந்தத் தகவலை நிறுத்துகிறது. முட்டை வரவில்லை என்றால் கருவும் இல்லை. கூடவே கர்ப்பப்பை வாயில் இருக்கும் சளி கெட்டியாகி விந்தணுவை உள்ளே விடாது, கர்ப்பப்பையின் உள்படலமும் மெலிந்துபோகும். அவ்வளவுதான். மாத்திரை உள்ளே போய் எங்கேயும் சேர்ந்து கட்டியாவதில்லை. நிறுத்தினால் சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் முட்டை வருவது பழையபடி தொடங்கிவிடும்.

பெரிய பிரிவு ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோனும் கலந்தவை ஒரு வகை. புரோஜெஸ்டின் மட்டும் உள்ளவை இன்னொரு வகை. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்ற கேள்வியில் முக்கால்வாசி ஈஸ்ட்ரோஜனைப் பற்றியதுதான்.

இரண்டாம் படி: என்னென்ன கிடைக்கிறது

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பது மாலா-என். கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பது மாலா-டி. உள்ளே இரண்டும் ஒன்றுதான்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.03 மி.கி. ஒரு அட்டையில் 28 மாத்திரை. 21 வெள்ளை, அதில்தான் ஹார்மோன். மீதி 7 பழுப்பு, அது வெறும் இரும்புச்சத்து. இந்த பழுப்பு மாத்திரை வீணானது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கும்போது அதைத் தூக்கிப் போடுவானேன். அதுவும் இல்லாமல், அந்த ஏழு நாளும் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தால்தான் அடுத்த அட்டையை எந்த நாளில் தொடங்குவது என்ற குழப்பம் வராது.

தனியார் டாக்டர்கள் எழுதித் தருவதில் ட்ரோஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரல் போன்ற வேறு புரோஜெஸ்டின் கலந்த மாத்திரைகள் இருக்கும். முகப்பரு, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று போகிறவர்களுக்கு இவைதான் அதிகம் வருகின்றன.

அடுத்தது அந்தரா. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, டி.எம்.பி.ஏ. என்கிற புரோஜெஸ்டின் 150 மி.கி. 2017-லிருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். ஈஸ்ட்ரோஜன் கிடையாது என்பதால் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பிறகு போடலாம்.

சாயா என்று ஒரு வாராந்திர மாத்திரை. முன்பு சஹேலி என்ற பெயரில் வந்தது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது, உள்ளே இருப்பது சென்ட்குரோமன் 30 மி.கி. இது ஹார்மோனே இல்லை. ஆனாலும் இங்கே சேர்க்கிறேன், ஏனென்றால் ஈஸ்ட்ரோஜன் ஆகாது என்று திருப்பி அனுப்பப்படுகிற பல பேருக்கு இது கை கொடுக்கும், பால் கொடுப்பவர்களும் போடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. முதல் மாத்திரையை மாதவிலக்கின் முதல் நாளில் தொடங்க வேண்டும். அது ஞாயிறு என்றால் அடுத்தது புதன், பிறகு மூன்று மாதமும் ஞாயிறு, புதன். நாலாவது மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். நடுவில் மாதவிலக்கு எப்போது வந்தாலும் கிழமை மாறாது. சிலருக்கு இதில் மாதவிலக்கு தள்ளிப்போகும், இடைவெளி கூடும். பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பமா என்று ஒரு பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள். பி.சி.ஓ.எஸ்., சமீபத்தில் மஞ்சள் காமாலை, காசநோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு சாயா சரிவராது.

ஹார்மோன் வைத்த கர்ப்பப்பை சாதனமும் இருக்கிறது. காப்பர்-டி மாதிரியே உருவம், ஆனால் செம்புக்குப் பதில் லெவோநார்ஜெஸ்ட்ரல். மிரீனா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதிக ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு இதைவிட நல்லது குறைவு, கர்ப்பப்பையையே எடுக்கச் சொல்லப்பட்ட சிலர் இதை வைத்து ஆபரேஷனைத் தவிர்த்திருக்கிறார்கள். விலைதான் இடிக்கும்.

எது எவ்வளவு நம்பகமானது என்று கேட்பீர்கள். மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டால் ஒரு வருஷத்தில் ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் கர்ப்பம் தரிக்கும். ஆனால் மனிதர்கள் நிஜத்தில் போடுகிற விதத்தில், அதாவது மறந்து, விட்டு, திருவிழாவுக்குப் போய்த் திரும்பி, நூற்றில் ஏழு பேருக்கு. ஊசியில் அது நூற்றில் நாலு. இந்த இடைவெளி முழுக்க மறதியால் வருவது, அதனால்தான் ஐந்தாம் படியை நீளமாக எழுதியிருக்கிறேன். ஒன்று மறக்க வேண்டாம்: இவை எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது. அதற்கு ஆணுறை மட்டும்தான்.

மூன்றாம் படி: தொடங்கும் முன் இந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில்

பி.பி. பாருங்கள். இதற்காக ஊட்டி வரை போக வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறவர்களிடம் பார்த்துக்கொள்ளலாம், இல்லை துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவிடம் கை நீட்டினால் இரண்டு நிமிஷம். 140/90-ஐத் தொட்டாலே ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம்.

காலில், நுரையீரலில் ரத்தக்கட்டி வந்ததுண்டா? அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இளம் வயதில் வந்ததா? மாரடைப்பு, பக்கவாதம்? மார்பகப் புற்றுநோய்? ஈரல் கோளாறு? இதில் ஒன்றுக்கு “ஆமாம்” என்றாலும் டாக்டரைப் பார்க்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். 35 வயது தாண்டிப் புகை பிடிப்பவர்களுக்கும் ஆகாது. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் “நான் பீடி குடிக்கலையே” என்று விட்டுவிடாமல் அதையும் சொல்லுங்கள்.

தலைவலியைப் பற்றி யாரும் கேட்காமல் விடுவார்கள், அதனால் நான் கேட்கிறேன். தலைவலி வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் கண்ணுக்கு எதிரே மின்னல் மாதிரி, வளைந்து வளைந்து ஒளிக்கோடு மாதிரி ஏதாவது தெரிகிறதா? பார்வையில் ஒரு பக்கம் கொஞ்ச நேரம் மறைந்து வருகிறதா? அப்படியென்றால் அது சாதாரண மைக்ரேன் இல்லை, அந்த வகையினருக்கு ஈஸ்ட்ரோஜன் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். குளிருக்கு வருகிற தலைவலி என்று நம் ஊரில் எல்லாத் தலைவலியையும் மஃப்ளரைக் கட்டி மூடிவிடுகிறோம், இதை அப்படி மூட முடியாது.

பிரசவமாகி எத்தனை நாள் ஆயிற்று? பால் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆறு மாதம் வரை மாலா வகை வேண்டாம். அந்தரா, சாயா, காப்பர்-டி இவற்றில் ஒன்று.

சிக்கிள் செல் பற்றி இங்கே கட்டாயம் பேச வேண்டும். 1952-ல் இந்தியாவிலேயே முதன்முதலில் இந்த அரிவாள் வடிவ ரத்த அணுவைக் கண்டறிந்தது நம் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம்தான். இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் பரிசோதனை செய்து அட்டை வைத்திருப்பவர்கள் பலர். அந்த அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். வெறுமனே அதைச் சுமப்பவரா, நோயே உள்ளவரா என்பது முக்கியம். நோய் உள்ளவருக்கு ரத்தக்கட்டி ஆபத்து ஏற்கெனவே அதிகம் என்பதால் ஈஸ்ட்ரோஜனைத் தவிர்த்து வேறு முறையைத்தான் பொதுவாகப் பார்ப்பார்கள். அதே சமயம் அவர்களுக்குக் கர்ப்பமும் சிக்கலானது, ஆகவே “எதுவுமே வேண்டாம்” என்று திரும்பி வருவது பதில் ஆகாது.

வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா? காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் இவையெல்லாம் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். சளிக்கும் காய்ச்சலுக்கும் தருகிற சாதாரண ஆன்டிபயாட்டிக் கெடுக்காது, அந்தப் பயம் பழையது.

“மலை மேல இருக்கோம், ரத்தம் கெட்டியாகும்னு சொல்றாங்களே” என்று படித்த பெண் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். அந்த எச்சரிக்கை 4,500 மீட்டருக்கு மேல் ஒரு வாரத்துக்கும் அதிகமாகத் தங்குபவர்களுக்கு. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

நான்காம் படி: தொடங்குவது

மாலா என்றால் மாதவிலக்கு வந்த ஐந்தாம் நாள் முதல் வெள்ளை மாத்திரை. ரத்தப்போக்கு நின்றாலும் நிற்காவிட்டாலும் ஐந்தாம் நாள்தான். அட்டையில் அம்புக்குறி போட்டிருக்கும், அதன் போக்கிலேயே போங்கள். இருபத்தெட்டும் முடிந்த மறுநாளே அடுத்த அட்டை, நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. பழுப்பு மாத்திரை நாட்களில் மாதவிலக்கு மாதிரி வரும், வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும், “கெட்ட ரத்தம் உள்ளே தங்குது” என்று மாமியார் சொல்வார். தங்கவில்லை. படலம் மெலிந்துவிட்டது, வெளியேற அதிகம் இல்லை, அவ்வளவுதான். ஐந்து நாள் தாண்டித் தொடங்க வேண்டியிருந்தால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்கி, முதல் ஏழு நாள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

எந்த நேரத்தில் போடுவது? கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்குக் காலை வேண்டவே வேண்டாம் என்பது என் அனுபவம். காலையில் அடுப்பு, டிபன், பிள்ளைகள், மஸ்டருக்கு (தோட்டத்தில் வருகைப் பதிவுக்கு) ஓட்டம், அதில் மாத்திரை நினைவுக்கு வராது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் கூடும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் போடுங்கள். ஒருவர் அட்டையின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு மாத்திரைக்கு நேரேயும் கிழமை எழுதி, அதைப் பல் தேய்க்கும் பிரஷ் டப்பாவில் செருகி வைத்திருந்தார். “நாலு வருஷம் ஆச்சுக்கா, மூணு தடவைதான் விட்டிருக்கேன்” என்றார். போனில் அலாரம் வைத்தவர்கள்கூட அந்தக் கணக்கை எட்டியதில்லை.

அந்தரா என்றால் முதல் ஊசிக்கு முன் டாக்டர் பார்க்க வேண்டும், அடுத்தடுத்ததை நர்ஸம்மா போடுவார். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. நம் குளிருக்கு ஊசி போட்ட இடத்தில் சூடு வைப்பது கைப்பழக்கம், அதனால் சொல்கிறேன்: மருந்து சீக்கிரம் கரைந்துவிடும். தேதி தவறினால் நாலு வாரம் வரை தாமதமாகப் போகலாம், இரண்டு வாரம் முன்னதாகவும் போகலாம். ஆனால் நாலு வாரம் சலுகை இருக்கிறது என்று அதையே தேதியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாம் படி: மறந்துவிட்டால், வாந்தி எடுத்துவிட்டால்

ஒரு வெள்ளை மாத்திரை விட்டுப்போனால், நினைவு வந்த உடனே போடுங்கள், அன்றைக்கானதையும் அதன் நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆகிவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டோ அதற்கு மேலோ விட்டால்தான் கவலை. கடைசியாக விட்டதை மட்டும் போட்டு, முந்தையதை விட்டுவிட்டு, அட்டையைத் தொடருங்கள், ஏழு நாள் ஆணுறை. இது முதல் வாரத்தில் நடந்து, அந்த நாட்களில் உறவும் நடந்திருந்தால் அவசர மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் நடந்தால், வெள்ளையை முடித்துவிட்டு பழுப்பைத் தொடாமல் நேரே அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள். பழுப்பு விட்டுப்போனால் ஒன்றும் இல்லை.

சாயாவில் ஏழு நாளுக்குள் நினைவு வந்தால் உடனே போட்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறை. ஏழு நாள் தாண்டினால் திரும்ப முதலிலிருந்து, வாரம் இரண்டு.

இப்போது நம் ஊர்ப் பிரச்சினை. மேட்டுப்பாளையம் இறங்குகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு ஏன் சண்டை என்று உங்களுக்குத் தெரியும். குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டி வழியில் 36. மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரை கணக்கில் வராது, இன்னொன்று போட வேண்டும். அதை ஓடுகிற அட்டையிலிருந்து எடுத்தால் கிழமை எல்லாம் குழம்பிவிடும், ஆகவே ஒரு அட்டை உபரியாக வைத்து அதிலிருந்து எடுங்கள். இரவில் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், பெரும்பாலும் நாம் காலையில்தான் கீழே இறங்குகிறோம். வயிற்றுப்போக்கு, வாந்தி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் மாத்திரை விட்டுப்போனதாகவே கணக்கு வையுங்கள்.

அந்த உபரி அட்டை மழைக்கும் உதவும். 2009 நவம்பரில் நிலச்சரிவு வந்தபோது ரோடு இல்லாமல் மருந்து கிடைக்காமல் தவித்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் ஜூன் மழைக்கு முன்னால், கோத்தகிரி, குன்னூர் பக்கம் என்றால் ஐப்பசி பிறக்கும் முன்னால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்

முதல் மூன்று மாதம் குமட்டல், மார்பு கனத்தல், நடுநடுவே திட்டுத்திட்டாக ரத்தம், லேசான தலைவலி, எரிச்சலான மனநிலை, இவை வரலாம், பெரும்பாலும் தானே அடங்கும். இப்படி ரத்தம் பட்ட உடனே பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் நிறையப் பேர் செய்கிற தவறு. நிறுத்தினால் ரத்தம் கூடும், கர்ப்பமும் தரிக்கலாம். மூன்று மாதம் தாண்டியும் அடங்கவில்லை, அல்லது மனசு சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் போகிறது என்றால் சகித்துக்கொண்டிருக்க வேண்டாம், மாத்திரையை மாற்றலாம்.

எடை? மாலா வகை மாத்திரையால் பெரிய எடைக் கூடுதல் இல்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அந்தராவில் சிலருக்குக் கூடும், அது உண்மை. அந்தராவில் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போவதும், ஒரு வருஷம் ஆகும்போது பலருக்கு நின்றே போவதும் மருந்தின் இயல்பு. ரத்தசோகை உள்ள உடம்புக்கு அது ஓய்வு. ஆனால் முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால் பெண் பயந்துபோவாள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஊசிக்குப் பிறகு நாற்பது நாள் விலக்கு வராமல், கர்ப்பம் என்று நினைத்து ஊரெல்லாம் அலைந்தார். போட்டவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எலும்பின் அடர்த்தியும் அந்தரா போடும் காலத்தில் கொஞ்சம் குறையும், நிறுத்தியபின் பெரும்பாலும் மீண்டுவிடும்.

ரத்தக்கட்டியைப் பற்றி எண்களோடு சொல்கிறேன், பயமுறுத்த இல்லை, அளவு தெரிவதற்காக. மாத்திரை போடாத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் ஒரு வருஷத்தில் சுமார் 2 பேருக்கு வரும். மாலா மாதிரி லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை போடுபவர்களில் 5 முதல் 7. ட்ரோஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரல் வகையில் 9 முதல் 12. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்திலும் ஆபத்து இதையெல்லாம்விட அதிகம். விலை அதிகமான மாத்திரை பாதுகாப்பானது என்ற நினைப்பு இங்கே தலைகீழ்.

புற்றுநோயில் இரண்டு பக்கமும் இருக்கிறது. சினைப்பை, கர்ப்பப்பை உள்படலப் புற்றுநோய் குறைகிறது, அந்தப் பலன் நிறுத்திய பிறகும் வருஷக்கணக்கில் நிற்கிறது. மார்பகப் புற்றுநோய் போடும் காலத்தில் கொஞ்சம் கூடுகிறது, நிறுத்தியபின் மெல்லக் குறைகிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் சற்றுக் கூடுகிறது, ஆகவே 30 வயது தாண்டியவர்கள் அரசு நிலையத்தில் செய்கிற கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இவை வந்தால் கடைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரி, தேவையென்றால் 108: ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்காலில் வலி, திடீர் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்தல், கடும் வயிற்றுவலி, கண் மஞ்சளாவது. தோட்டத்தில் நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்குபவர்களுக்குக் கால்வலி தினமும் இருக்கும், அது இரண்டு காலிலும் இருக்கும், படுத்தால் குறையும். ஒற்றைக் கால், வீக்கம், சூடு, இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு. மாத்திரை போடுவதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ஏழாம் படி: கருத்தடை இல்லாத காரணத்துக்குப் போடும்போது

ஒரு அம்மா கல்லூரி படிக்கும் மகளை இழுத்துக்கொண்டு வந்து சீட்டை நீட்டினார். நான் மாத்திரையை எடுத்து வைத்ததும் பெண் போனில் பெயரைத் தேடினாள், திரையைப் பார்த்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. “கருத்தடைன்னு போட்டிருக்கு! என் பொண்ணுக்கு எதுக்குங்க இது?” அந்தப் பெண்ணுக்கு நாலு மாதத்துக்கு ஒரு முறை விலக்கு, முகம் முழுக்கப் பரு, பி.சி.ஓ.எஸ். டாக்டர் எழுதியது சரிதான். விலக்கு மாதக்கணக்கில் வராமல் இருந்தால் உள்படலம் தடித்துக்கொண்டே போகும், அது நல்லதில்லை, மாத்திரை அதை ஒழுங்குபடுத்துகிறது. ஆனால் பி.சி.ஓ.எஸ்.ஸை அது குணமாக்குவதில்லை, நிறுத்தினால் பழைய கதை திரும்பலாம் என்பதையும் சொன்னேன். அதேபோல் அதிக ரத்தப்போக்கு, உயிர் போகிற விலக்கு வலி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது) இதற்கெல்லாமும் இதே ஹார்மோன்கள்தான் மருந்து. கல்யாணமாகாத பெண் போட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்பது வெறும் பேச்சு.

இன்னொன்று, திருவிழா மாத்திரை. மார்கழி, தை பிறந்தால் ஹெத்தையம்மன் பண்டிகை, சித்திரையில் ஊட்டி மாரியம்மன் தேர், அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே “தள்ளிப்போற மாத்திரை குடுங்கக்கா” என்று வரிசை. அது நாரெதிஸ்டெரோன் 5 மி.கி., பொதுவாக விலக்கு வர மூன்று நாள் முன்னால் தொடங்கி தினம் மூன்று வேளை, நிறுத்திய இரண்டு மூன்று நாளில் விலக்கு வந்துவிடும். டாக்டர் சீட்டு வேண்டும், நான் சீட்டு இல்லாமல் தருவதில்லை, அதற்காக வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. காரணம் இருக்கிறது: இதில் ஒரு பகுதி உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, ரத்தக்கட்டி ஆபத்துள்ளவர்களுக்கு ஆகாது. இப்படி நாலு நாள் போடுவது கருத்தடையும் ஆகாது. விழா இன்று, விலக்கு நாளை என்று வந்து நின்றால் பயனும் இல்லை.

எட்டாம் படி: அவசர மாத்திரை

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., ஒரே மாத்திரை, உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். சட்டப்படி இதற்குச் சீட்டு தேவையில்லை, ஆனாலும் தமிழ்நாட்டில் பல மெடிக்கல்களில் வைப்பதே இல்லை என்பது ஊரறிந்த விஷயம். அதனால் கடை கடையாக ஏறி இறங்கி நேரத்தைப் போக்காமல், அரசு மருத்துவமனையில் கேளுங்கள், அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வது மாத்திரையைவிட நம்பகமான அவசர வழி, அதுவே பிறகு வருஷக்கணக்கில் பாதுகாப்பும் தரும்.

போட்ட இரண்டு மணிக்குள் வாந்தி என்றால் திரும்பப் போட வேண்டும். அடுத்த விலக்கு ஒரு வாரம் முன்பின் ஆகலாம், அதற்கு மேல் தள்ளினால் பரிசோதனை. மாதத்துக்கு இரண்டு முறை இதை வாங்குகிறவர்களுக்கு என் பதில்: தினசரி முறைக்கு மாறுங்கள், இதையே திரும்பத் திரும்பப் போட்டால் விலக்குக் கணக்கே குழம்பிப்போகும், பலனும் குறைவு. முக்கியமாக, இது கருக்கலைப்பு மாத்திரை இல்லை. ஏற்கெனவே தரித்த கர்ப்பத்தை இது ஒன்றும் செய்யாது. கலைப்பு மாத்திரை வேறு மருந்து, டாக்டர் மேற்பார்வையில் மட்டும், அதைக் கடையில் கேட்டு வாங்கி வீட்டில் போட்டு, மலைப்பாதையில் ரத்தப்போக்கோடு ஆம்புலன்ஸில் இறங்கியவர்கள் கதை எனக்கு வேண்டாம்.

ஒன்பதாம் படி: நிறுத்துவது, மாற்றுவது

குழந்தை வேண்டும் என்றால் அட்டையை முடித்துவிட்டு நிறுத்துங்கள், உடனேயே முயற்சி செய்யலாம், “உடம்பு சுத்தமாக” ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. ஃபோலிக் ஆசிட் மட்டும் தொடங்கிவிடுங்கள். அந்தரா போட்டவர்கள்தான் திட்டமிட வேண்டும். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதம்வரை ஆகலாம், நிரந்தரக் குறை இல்லை, தாமதம். அடுத்த வருஷமே குழந்தை வேண்டும் என்பவருக்கு நான் அந்தராவைச் சொல்ல மாட்டேன். பெரிய ஆபரேஷன், காலில் மாவுக்கட்டு என்று நடக்காமல் படுக்க வேண்டி வந்தால் கலப்பு மாத்திரையை நாலு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஆணுறைக்கு மாறுங்கள்.

நம் பக்கம் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே இரண்டாவது பிரசவத்தோடு பெண்ணுக்கு ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. 1971-ல் உபாசி என்கிற தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம், இதே நீலகிரியில் மூன்று தேயிலைத் தோட்டங்களில், கர்ப்பமாகாத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் கணக்கில் 5 ரூபாய் போட்டு வைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அந்த மாதிரிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கருத்தடை என்பது மேலே இருந்து யாரோ சொல்லிச் செய்வது என்றே பதிந்திருக்கிறது. முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மூன்று வருஷம் வேண்டும் என்று தானாக நினைத்து மாத்திரை கேட்டு வருகிற இருபத்துமூன்று வயதுப் பெண்ணைப் பார்த்து, “உன் வீட்டுக்காரர் வரலையா?” என்று கேட்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

வரும்போது பி.பி. எழுதிய தாள், இப்போது சாப்பிடுகிற மருந்துச் சீட்டு, கடைசி விலக்குத் தேதி, சிக்கிள் செல் அட்டை இருந்தால் அது, இவ்வளவும் கையில் இருக்கட்டும். பக்கத்து லைன் அக்காவின் அட்டையை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். எங்கள் கடையில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கூட்டம் இருக்காது, முதலாளியும் சாப்பிடப் போயிருப்பார். மற்ற கடைகளிலும் அநேகமாக அந்த நேரம்தான் காலி.